கடல் கடந்த சிலந்தி

இரவு நேரம். சாப்பாடு முடிந்துவிட்டது. வீட்டு வாசலில் பிள்ளைகள் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர்களும் இருக்கிறார்கள். நடுவில் ஒரு பாட்டி.

பாட்டி உரக்கக் கேட்கிறார்: “கிரிக்?”

எல்லோரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்: “கிராக்!”

இதற்கு என்ன பொருள்? “கதை சொல்லட்டுமா?” என்று பாட்டி கேட்கிறார். “சொல்லுங்கள், கேட்கிறோம்” என்று கூட்டம் பதில் சொல்கிறது. கதையின் நடுவிலும் பாட்டி திடீரென்று “கிரிக்?” என்பார். யாராவது தூங்கிவிட்டார்களா என்று பார்க்கத்தான்! “கிராக்!” என்று பலமாகப் பதில் வந்தால்தான் கதை மேலே நகரும்.

இந்தப் பாட்டி நம் நாட்டில் இல்லை. வெகு தொலைவில், கரிபியன் கடலில் உள்ள ஒரு தீவில் இருக்கிறார். டிரினிடாட், கிரெனடா, செயின்ட் லூசியா, ஹைத்தி முதலிய இடங்களில் கதை இப்படித்தான் தொடங்கும்.

அந்தக் கதைகள் அங்கே எப்படி வந்தன? அதுவே ஒரு பெரிய கதை. வாருங்கள், அதைப் படிப்போம்.

அந்தத் தீவுகள் எங்கே இருக்கின்றன?

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ‘வெஸ்ட் இண்டீஸ்’ என்ற பெயர் நன்றாகத் தெரியும். அது ஒரே நாடு அல்ல. பல தீவுகளும் ஒரு கரையோர நாடும் சேர்ந்து ஓர் அணியாக விளையாடுகின்றன. அந்தத் தீவுகள்தான் நாம் பேசப்போகும் தீவுகள்.

உலகப் படத்தை எடுத்துப் பாருங்கள். இந்தியாவுக்கு மேற்கே அரபிக்கடல். அதைத் தாண்டினால் ஆப்பிரிக்கா. ஆப்பிரிக்காவையும் தாண்டினால் அட்லாண்டிக் பெருங்கடல். அந்தப் பெருங்கடலின் அக்கரையில் வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கரிபியன் கடல். அதில் சிறிதும் பெரிதுமாக நிறையத் தீவுகள். ஜமைக்கா, டிரினிடாட், பார்படாஸ், கியூபா ஆகியவை அவற்றில் சில.

ஜமைக்காவின் பரப்பு சுமார் 11,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 28 லட்சம். சிறிய நாடுதான். ஆனால் அதன் கதைகள் உலகம் எங்கும் பரவியிருக்கின்றன.

‘இண்டீஸ்’ என்ற பெயர் எப்படி வந்தது? 1492ஆம் ஆண்டு கொலம்பஸ் என்ற மாலுமி ஆசியாவுக்குக் கடல்வழி தேடிப் புறப்பட்டார். இந்தத் தீவுகளைப் பார்த்ததும் இந்தியப் பகுதிக்கு வந்துவிட்டதாக எண்ணினார். அது தவறு. ஆனால் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கையில் ஒன்றும் இல்லாமல் வந்தவர்கள்

கொலம்பஸ் வருவதற்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் அவர்களைக் கடுமையாக வேலை வாங்கினார்கள். புதிய நோய்களும் பரவின. சில பத்தாண்டுகளில் அந்த மக்களில் பெரும்பாலோர் மடிந்துபோனார்கள்.

பிறகு ஐரோப்பியர்கள் அந்தத் தீவுகளில் கரும்பு பயிரிட்டார்கள். சர்க்கரைக்கு ஐரோப்பாவில் நல்ல விலை கிடைத்தது. கரும்பு வெட்டவும் ஆலையில் காய்ச்சவும் ஏராளமான ஆட்கள் வேண்டும். ஆட்களுக்கு எங்கே போவது?

ஆப்பிரிக்காவிலிருந்து மக்களைப் பிடித்துவந்தார்கள். ஆடுமாடுகளைப் போல விலைக்கு வாங்கினார்கள். சங்கிலியால் கட்டிக் கப்பலில் அடைத்தார்கள். ஏறக்குறைய 350 ஆண்டுகளில் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் இப்படிக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். அவர்களில் சுமார் 18 லட்சம் பேர் கடலிலேயே இறந்துபோனார்கள். உயிரோடு கரை சேர்ந்தவர்கள் அமெரிக்கக் கண்டங்களிலும் கரிபியன் தீவுகளிலும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

நம் வீட்டைவிட்டு வெளியூர் போனால் என்னவெல்லாம் எடுத்துப் போகிறோம்? துணிமணி, பாத்திரம், பணம், சாமி படம். அவர்களுக்கு எதுவும் இல்லை. வீடு போனது. உறவு போனது. ஊர் போனது. பெயர்கூடப் போனது. முதலாளி வைத்த புதுப் பெயர்தான் இனி அவர்கள் பெயர்.

ஒரே மொழி பேசுபவர்களும் பல இடங்களில் பிரிக்கப்பட்டார்கள். பக்கத்தில் படுத்திருப்பவனோடு பேசக்கூட முடியாத நிலை. எழுதப் படிக்கக் கற்பதையோ பெரும்பாலான முதலாளிகள் விரும்பவில்லை. படித்தவன் கேள்வி கேட்பான் அல்லவா?

ஆனால் ஒன்றை மட்டும் யாராலும் பறிக்க முடியவில்லை. அது நினைவு. அந்த நினைவில் கதைகள் இருந்தன.

அனான்சி என்ற சிலந்தி

மேற்கு ஆப்பிரிக்காவில் இன்று கானா என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே அக்கான் என்ற இன மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய மொழியில் ‘அனான்சே’ என்றால் சிலந்தி. அவர்களுடைய கதைகளில் சிலந்திதான் நாயகன். கதைகளுக்கே ‘சிலந்திக் கதைகள்’ என்றுதான் அங்கே பெயர்.

அக்கான் மக்களில் பலர் ஜமைக்காவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களோடு சிலந்தியும் வந்தது. ஜமைக்காவில் அதற்கு ‘அனான்சி’ என்று பெயர். அனான்சி சில நேரம் சிலந்தியாக இருப்பான். சில நேரம் மனிதனாக இருப்பான். சின்ன உடம்பு. பெரிய மூளை.

ஜமைக்காவில் சொல்லப்படும் ஒரு கதையைக் கேளுங்கள்.

காட்டில் புலிதான் ராஜா. எல்லாவற்றுக்கும் புலியின் பெயர்தான். மாலையில் சொல்லும் கதைகளைக்கூடப் ‘புலிக் கதைகள்’ என்றே சொன்னார்கள். அனான்சிக்கு ஆசை வந்தது.

“ராஜாவே! கதைகளுக்கு என் பெயரை வைக்க வேண்டும்” என்று கேட்டான்.

புலி சிரித்தது. “சரி. ஆனால் ஒரு நிபந்தனை. பாம்பை உயிரோடு பிடித்துக் கட்டிக் கொண்டுவா” என்றது. சுற்றி நின்ற மிருகங்களும் சிரித்தன. சிலந்தியாவது, பாம்பைப் பிடிப்பதாவது!

அனான்சி கண்ணி வைத்தான். பாம்பு மாட்டவில்லை. குழி தோண்டினான். அதிலும் விழவில்லை. பாம்புக்குக் கோபம் வந்தது.

“அனான்சி! என்னைப் பிடிக்கத்தானே பார்க்கிறாய்?” என்று சீறியது.

அனான்சி பயந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெருமூச்சு விட்டான். “உண்மைதான் அண்ணா. நீங்கள்தான் உலகத்திலேயே நீளமானவர் என்று நான் சொன்னேன். அதோ அந்த மூங்கில் உங்களைவிட நீளம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். அதை நிரூபிக்கத்தான் உங்களைப் பிடிக்கப் பார்த்தேன்” என்றான்.

“நானா குட்டை? அந்த மூங்கிலை வெட்டிக் கொண்டுவா. அளந்து பார்த்துவிடலாம்” என்றது பாம்பு.

அனான்சி மூங்கிலை வெட்டி வந்தான். பாம்பு அதன் பக்கத்தில் நீட்டிப் படுத்தது. “நீங்கள் தலைப் பக்கம் நகர்ந்தால் வால் மேலே போகிறது அண்ணா. அளவு சரியாக வராது. வாலை மட்டும் கட்டிக்கொள்ளட்டுமா?” என்றான். பாம்பு ஒப்புக்கொண்டது. பிறகு இடுப்பையும் கட்டினான். “இன்னும் கொஞ்சம்தான். கண்ணை மூடிக்கொண்டு நன்றாக நீளுங்கள்” என்றான். பாம்பு கண்ணை மூடி முழுப் பலத்தோடு நீண்டது. சட்டென்று தலையையும் கட்டிவிட்டான் அனான்சி!

பிறகு யாரும் சிரிக்கவில்லை. அன்று முதல் கதைகள் எல்லாம் ‘அனான்சிக் கதைகள்’ ஆயின.

கதைக்குள் ஒளிந்திருந்த கதை

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆப்பிரிக்கக் காட்டில் புலி கிடையாது. ஜமைக்காவிலும் கிடையாது. ஆப்பிரிக்காவில் இந்தக் கதையை வேறு விதமாகச் சொல்கிறார்கள். அங்கே கதைகள் எல்லாம் வானத்துக் கடவுளிடம் இருந்தன. அனான்சி அந்தக் கடவுளிடம்தான் போய்க் கேட்டான்.

ஜமைக்காவுக்கு வந்த பிறகு கடவுள் இருந்த இடத்தில் புலி வந்து உட்கார்ந்துகொண்டது. ஏன்?

கதை கேட்டவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பகல் முழுவதும் கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்கள். கங்காணியின் சவுக்கடி வாங்கியவர்கள். எதிர்த்துப் பேசினால் தண்டனை. ஓடினால் பிடித்துவந்து தண்டனை. இரவில் அவர்கள் கூடி உட்காரும்போது ஒருவர் சொல்கிறார்: “பலசாலிப் புலியைச் சின்னச் சிலந்தி ஏமாற்றியது.”

கேட்பவர்களுக்குப் புலி யார் என்று தெரியும். சிலந்தி யார் என்றும் தெரியும். வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. முதலாளி காதில் விழுந்தாலும் கவலை இல்லை. அவருக்கு அது வெறும் மிருகக் கதை.

அனான்சி நல்லவனா? எப்போதும் இல்லை. அவன் பேராசைக்காரன். சோம்பேறி. பெண்டாட்டி பிள்ளைகளைக்கூட ஏமாற்றுவான். சில கதைகளில் நன்றாக மாட்டிக்கொண்டு அவமானப்படுவான். “இவனைப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாமா?” என்று ஜமைக்காவிலேயே சிலர் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள், “பலம் இல்லாதவன் பிழைப்பதற்கு மூளையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அந்தக் காலத்தின் நினைவு அது” என்று பதில் சொல்கிறார்கள்.

கதை சொல்பவர்களுக்கும் இந்தச் சங்கடம் தெரியும். அதனால் கதை முடிந்ததும் ஜாக் மாண்டோரா என்பவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வார்கள். அவன் சொர்க்கத்தின் வாசல் காப்பவன் என்று ஒரு விளக்கம் உண்டு. “கதையை நான் சொன்னேன், அவ்வளவுதான். இதில் உள்ள பொய்க்கும் தவறுக்கும் நான் பொறுப்பு இல்லை” என்பது அந்த வார்த்தையின் கருத்து.

ஜமைக்காவில் சாவு வீட்டிலும் அனான்சிக்கு இடம் உண்டு. ஒருவர் இறந்த ஒன்பதாம் இரவில் உறவினரும் ஊராரும் கூடுவார்கள். பாடுவார்கள். விடுகதை போடுவார்கள். அனான்சிக் கதை சொல்வார்கள். துக்கத்தில் இருக்கும் குடும்பத்தைத் தனியே விடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

காட்டைக் காக்கும் கிழவர்

டிரினிடாட் தீவுக்கு வருவோம். அங்கே ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பலர் தங்கள் அடிமைகளோடு குடியேறினார்கள். அதனால் அங்கே கதைகளில் வரும் பெயர்கள் பல பிரெஞ்சுப் பெயர்கள்.

பாப்பா புவா என்று ஒரு கிழவர். ‘காட்டின் தந்தை’ என்று அதற்குப் பொருள். உடம்பெல்லாம் ரோமம். தாடியில் இலைகள். காலில் மாட்டுக் குளம்பு. அவர் காட்டு மிருகங்களின் காவலர். வேட்டைக்காரன் வந்தால் கொம்பு ஊதி மிருகங்களை எச்சரிப்பார். காட்டில் அவரைக் கண்டால் மரியாதையாக வணக்கம் சொல்ல வேண்டும். காலை உற்றுப் பார்க்கக் கூடாது. தேவைக்கு மேல் வேட்டையாடாதே என்று சட்டம் போட்டுச் சொல்லவில்லை. கதை போட்டுச் சொன்னார்கள்.

சூக்குயான் என்று ஒரு கிழவி. இரவில் தோலைக் கழற்றி வைத்துவிட்டு நெருப்புப் பந்தாகப் பறப்பாளாம். தூங்குபவர் இரத்தத்தைக் குடிப்பாளாம். அவளைப் பிடிக்க ஒரு வழி உண்டு. வாசலில் அரிசியைக் கொட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு மணியாக எண்ணி முடிக்காமல் அவளால் நகர முடியாது. எண்ணிக்கொண்டே இருப்பாள். பொழுது விடிந்துவிடும். அகப்பட்டுக்கொள்வாள்.

டூவென் என்ற குட்டிப் பேய்களும் உண்டு. அவற்றின் பாதங்கள் பின்பக்கம் திரும்பியிருக்கும். தலையில் பெரிய தொப்பி. இருட்டும் நேரத்தில் வெளியே நின்று பிள்ளையின் பெயரைச் சத்தமாகக் கூப்பிடக் கூடாது என்பார்கள். டூவென் அந்தப் பெயரைக் கற்றுக்கொண்டு, பிள்ளையைக் காட்டுக்குள் அழைத்துப் போய்விடுமாம்.

இவை உண்மையா? இல்லை. பேயும் இல்லை, பறக்கும் கிழவியும் இல்லை. ஆனால் இருட்டியபின் பிள்ளைகள் காட்டுப்பக்கம் போகாமல் இருக்க, ஒரு தாய்க்கு இந்தக் கதை உதவியது. கதையை நம்ப வேண்டியதில்லை. அது ஏன் பிறந்தது என்று புரிந்துகொண்டால் போதும்.

“அது மொழியே இல்லை!”

பல மொழி பேசிய ஆப்பிரிக்கர்கள் ஒரே தோட்டத்தில் வேலை செய்தார்கள். முதலாளி பேசியது ஆங்கிலம். இவர்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும். அந்தத் தேவையிலிருந்து ஒரு புது மொழி பிறந்தது. சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலம். பேசும் முறையிலும் ஓசையிலும் ஆப்பிரிக்கா கலந்திருந்தது. சில ஆப்பிரிக்கச் சொற்களும் நிலைத்தன. ‘நியாம்’ என்றால் சாப்பிடு. இன்றும் ஜமைக்காவில் இந்தச் சொல் உண்டு. இந்த மொழியைப் ‘பட்வா’ என்கிறார்கள்.

பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தீவுகளில் 1834ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனாலும் இன்னும் நான்கு ஆண்டுகள் கட்டாய வேலை தொடர்ந்தது. 1838இல்தான் முழு விடுதலை. அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு பிரிட்டன் 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியது. அடிமையாக உழைத்தவர்களுக்கு ஒரு காசு கூடக் கிடைக்கவில்லை.

உடம்புக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் பேச்சுக்குக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். கோர்ட்டில் ஆங்கிலம். செய்தித்தாளில் ஆங்கிலம். “வீட்டில் பேசுவது கெட்டுப்போன ஆங்கிலம். அது மொழியே இல்லை” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மக்களும் அதை நம்பினார்கள். தாய் பேசிய பேச்சைப் பிள்ளையே கேவலமாக நினைத்தது.

இதை மாற்ற ஒரு பெண் வந்தார்.

மிஸ் லூ

அவர் பெயர் லூயிஸ் பென்னட். 1919ஆம் ஆண்டு ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் பிறந்தார். சிறு வயதிலேயே அப்பாவை இழந்தார். அம்மா துணி தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

தைக்கக் கொடுக்க எத்தனையோ பெண்கள் வருவார்கள். அம்மாவுக்கு எல்லோரும் சமம். மீன் விற்கிற அம்மா, கிழங்கு விற்கிற அம்மா, டீச்சர் அம்மா என்று எல்லோரையும் ஒரே மரியாதையோடு சொல்வார். அந்தப் பெண்கள் பேசிச் சிரிப்பதைக் கேட்டே லூயிஸ் வளர்ந்தார். பாட்டியிடம் அனான்சிக் கதைகள் கேட்டார்.

இளம் பெண்ணாக இருந்தபோது ஒரு நாள் டிராம் வண்டியில் ஏறினார். நல்ல உடை உடுத்தியிருந்தார். சந்தைக்குக் கூடை கொண்டுபோகும் பெண்கள் வண்டியின் பின்பக்கம்தான் உட்கார வேண்டும். முன்பக்கம் இடம் இல்லாததால் லூயிஸ் பின்பக்கம் வந்தார். ஒரு கூடைக்காரப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம், ‘நன்றாகப் பரப்பி உட்கார், ஒரு பகட்டுக்காரி நம் பக்கத்தில் இடம் தேடுகிறாள்’ என்கிற மாதிரி பட்வாவில் சொன்னாள்.

லூயிஸுக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பேச்சில் இருந்த உயிர் அவரைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போய் அதை வைத்து ஒரு கவிதை எழுதினார். பட்வாவில் அவர் எழுதிய முதல் கவிதை அதுதான்.

பிறகு நிறைய எழுதினார். மேடையில் நின்று சொல்லிக் காட்டினார். மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படித்தவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். “இதெல்லாம் கவிதையா?” என்றார்கள். ஆனால் 1943இல் ஜமைக்காவின் பெரிய செய்தித்தாள் ஒன்று அவர் கவிதைகளை வாராவாரம் வெளியிடத் தொடங்கியது.

1945இல் உதவித்தொகை பெற்று லண்டனுக்குப் போய் நாடகக் கல்வி படித்தார். திரும்பி வந்த பிறகு ஊர் ஊராகப் போனார். கதைகளையும் பாட்டுகளையும் பழமொழிகளையும் சேர்த்தார். 1982 வரை வானொலியில் பேசினார். 1970 முதல் 1982 வரை தொலைக்காட்சியில் குழந்தைகளுக்கு நிகழ்ச்சி நடத்தினார். மக்கள் அவரை அன்போடு ‘மிஸ் லூ’ என்று அழைத்தார்கள்.

“பட்வா கெட்டுப்போன ஆங்கிலம்” என்று சொன்னவர்களுக்கு அவர் சிரிக்கச் சிரிக்கப் பதில் சொன்னார். ஆங்கிலமும் பிரெஞ்சு, லத்தீன் மொழிகளிலிருந்து நிறையச் சொற்களை எடுத்துக்கொண்டது. அதை யாரும் கெட்டுப்போன பிரெஞ்சு என்று சொல்வதில்லை. எங்கள் பேச்சை மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்? இதுதான் அவர் கேள்வி.

2006ஆம் ஆண்டு மிஸ் லூ காலமானார். நாட்டின் பெருந்தலைவர்கள் அடக்கமான பூங்காவில் அவரையும் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 2012இல் பைபிளின் புதிய ஏற்பாடு பட்வாவில் புத்தகமாக வெளிவந்தது. எழுத்துக்கே தகுதி இல்லை என்று சொல்லப்பட்ட மொழி அது!

மதராஸிலிருந்து போனவரின் மகன்

அடிமை முறை ஒழிந்தபின் தோட்ட முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடினார்கள். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மக்களை அழைத்துப் போனார்கள். 1838 முதல் 1917 வரை கரிபியன் பகுதிக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள். பெரும்பாலோர் வட இந்தியர்கள். மதராஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறிய தமிழர்களும் தெலுங்கர்களும் உண்டு.

டிரினிடாட் தீவில் 1923இல் சாம் செல்வன் என்ற எழுத்தாளர் பிறந்தார். அவருடைய அப்பா மதராஸிலிருந்து போன தமிழர். அம்மாவின் குடும்பத்தில் இந்திய இரத்தமும் ஸ்காட்லாந்து இரத்தமும் கலந்திருந்தன. செல்வன் வளர்ந்தது இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் கலந்து வாழ்ந்த ஊரில்.

1950இல் பிழைப்புத் தேடி லண்டன் போனார். அங்கே கரிபியன் தீவுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தார். குளிர், தனிமை, வாடகைக்கு வீடு கிடைக்காத அவமானம். 1956இல் அதைப் பற்றி ‘தி லோன்லி லண்டனர்ஸ்’ என்ற நாவலை எழுதினார். ‘தனிமையில் வாடும் லண்டன்வாசிகள்’ என்று அதற்குப் பொருள்.

முதலில் அதை நல்ல ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தார். கதை நகரவில்லை. பிறகு டிரினிடாட் மக்கள் பேசும் பேச்சிலேயே எழுதினார். பாத்திரங்கள் மட்டும் அல்ல, கதை சொல்பவரும் அந்தப் பேச்சிலேயே சொன்னார். கதை ஓடத் தொடங்கியது. வாசலில் உட்கார்ந்து ஒருவர் நமக்குக் கதை சொல்வது போல இருந்தது. அந்த நாவலை இன்றும் உலகம் எங்கும் படிக்கிறார்கள்.

சுரைக்குடுக்கை உடைந்தது

கடைசியாக இன்னொரு அனான்சிக் கதை.

அனான்சி உலகத்தில் உள்ள அறிவை எல்லாம் சேர்த்து ஒரு சுரைக்குடுக்கையில் அடைத்தான். “இனி அறிவு வேண்டும் என்றால் எல்லோரும் என்னிடம்தான் வர வேண்டும்” என்று நினைத்தான். அதை ஒரு பெரிய மரத்தின் உச்சியில் ஒளித்து வைக்கப் போனான். குடுக்கையைக் கயிற்றில் கட்டி வயிற்றின் மேல் தொங்கவிட்டான். மரம் ஏறப் பார்த்தான். குடுக்கை இடித்தது. ஏற முடியவில்லை. மறுபடி முயன்றான். முடியவில்லை.

கீழே ஒரு சிறு பையன் நின்றுகொண்டிருந்தான். “குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டால் சுலபமாக ஏறலாமே!” என்றான்.

அனான்சிக்கு ஆத்திரம் வந்தது. எல்லா அறிவையும் நான் அடைத்துவிட்டேனே! இந்தப் பொடியனுக்கு எப்படி இது தெரிந்தது? கோபத்தில் குடுக்கையைக் கீழே போட்டான். அது உடைந்தது. அறிவு காற்றில் பறந்தது. உலகம் எங்கும் பரவியது. ஆளுக்குக் கொஞ்சம் கிடைத்தது.

எல்லா அறிவும் ஒருவரிடமே இருக்க முடியாது. அறிவே இல்லாத ஆளும் கிடையாது. கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிகள்தான் இந்தக் கதைகளை இருநூறு, முந்நூறு ஆண்டுகள் காப்பாற்றினார்கள். மிஸ் லூவும் செல்வனும் தங்கள் மக்களின் பேச்சை எழுத்தில் ஏற்றினார்கள். வாயும் எழுத்தும் சேர்ந்ததால் கதைகள் பிழைத்தன. எழுதப்படாத எத்தனையோ கதைகள் அவற்றைச் சொன்னவர்களோடு மண்ணுக்குள் போய்விட்டன.

இப்போது உங்களுக்கும் எழுதத் தெரியும். உங்கள் வீட்டிலும் கதை தெரிந்த ஒருவர் இருப்பார். இன்றைக்கே அவரிடம் போய் உட்காருங்கள். “கிரிக்?” என்று அவர் கேட்க வேண்டாம். நீங்களே கேளுங்கள்: “ஒரு கதை சொல்லுங்களேன்!”

கூடிப் பேசுவோம்

1. அடிமைகளாகப் போனவர்கள் கதைகளை ஏன் மறக்கவில்லை?

2. அனான்சி செய்தது சரியா? உங்கள் கருத்து என்ன?

3. ஒருவர் பேசும் பேச்சைக் கேலி செய்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? உங்களுக்கு அப்படி நடந்தது உண்டா?

4. நீங்கள் சிறு வயதில் கேட்ட ஒரு கதையைச் சொல்லுங்கள். அதைச் சொன்னவர் பேசிய பேச்சிலேயே எழுதுங்கள். எழுதியதைக் குழுவில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.